கேரவன்களைத் திடலுக்கு அனுப்பாதீர்கள்

சுங்கை சிப்புட், பேரா

எங்கள் தாமானின் (குடியிருப்பின்) ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கக் காவல் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், செயற்குழுவினருக்கும், தாமான் மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் வீடு வீடாக வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். தைப்பூசத்தன்று நான்காவது சந்தில் ஒரு வீட்டு வாசலிலிருந்து, காடிக்கு (காருக்கு) பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு போன்ற கேரவன் ஒன்று திருட்டுப் போய்விட்டது. அதனால் தாமானில் இருக்கும் கேரவன், சாப்பாட்டு டிரெய்லர், படகு டிரெய்லர் எல்லாவற்றையும் இந்த மாதக் கடைசிக்குள் மண்டபத்துக்குப் பக்கத்துத் திடலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இரவில் அங்கே ஒரு ஜாகா (காவல்காரர்) இருப்பார், அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. எடுத்த முடிவில்தான் சந்தேகம். சரியாகப் பூட்டத் தெரிந்தால் அந்தத் திடலைவிட வீட்டு வாசலே பாதுகாப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல். மலாய் மொழியில் சுருக்கமாக எழுதிய நகல் ஒன்றைச் செயலாளரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். மெயின் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டருக்கும் பால் லோரிக்கும் கீழே படுத்துக் கற்றுக்கொண்ட தொழில். எல்பில், ஹீவுட், டவன்பி என்று சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து ஆட்கள் இந்தத் தாமானுக்குக் குடிவந்த காலத்தில் கேட் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன், பிறகு டிரெய்லர் பக்கம் போய்விட்டேன். இந்த ஊரில் ஓடும் இழுவை வண்டிகளில் நிறைய வண்டிகளுக்குக் கொக்கி வைத்தது என் பட்டறை. என்னிடமும் ஒரு பழைய இங்கிலாந்து கேரவன் இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு லூமுட் பக்கமும் லெங்கோங் பக்கமும் போய்வருவோம். ஆகவே இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு, மறைக்கவில்லை.

முதலில் அவசரமான ஒரு விஷயம். சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: வீட்டு எண், வண்டி வகை, உரிமையாளர் பெயர், கைத்தொலைபேசி எண். யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தயாரித்தது, புரிகிறது. ஆனால் அதை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் வீட்டை விற்றுவிட்டு ஷா ஆலாமுக்குப் போனவரும் இருக்கிறார், மூன்று மாதம் வாடகைக்கு இருந்து காலி செய்தவரும் இருக்கிறார், தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்கச் சேர்ந்து அப்படியே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். திருடன் மோட்டாரில் தெருத் தெருவாகச் சுற்றித் தயாரிக்க வேண்டிய பட்டியலை நாமே அச்சடித்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது. தயவுசெய்து அதை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காடி திருட்டையும் கேரவன் திருட்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். காடியைத் திருட வருபவன் சாவியை ஏமாற்ற வேண்டும், இன்ஜினைக் கிளப்ப வேண்டும், இப்போது வரும் காடிகளில் கம்ப்யூட்டரையும் ஏமாற்ற வேண்டும். கேரவனுக்கு இன்ஜினும் கிடையாது, சாவித் துவாரமும் கிடையாது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் யார் பின்னாலும் போகும் கன்றுக்குட்டி அது. திருடன் தன் வண்டியின் பின்னால் 50 மில்லிமீட்டர் இழுவை உருண்டையோடு வருகிறான். ஐரோப்பாவில் செய்த கேரவன்களுக்கெல்லாம் அந்த அளவுதான். கப்ளரை, அதாவது கேரவனின் முன்கொக்கியை, உருண்டையின் மேல் இறக்கி, முன்சக்கரத்தைத் தூக்கி, கைபிரேக்கை எடுத்துவிட்டால் கிளம்பிவிடலாம். லைட் ஒயரைச் செருகக்கூட நிற்க மாட்டான். பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

தைப்பூசத்தன்று நடந்ததும் அதுதான். தாமானில் முக்கால்வாசிப் பேர் ஈப்போவுக்கு, குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நல்ல வெயில் நேரம். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பட்டறைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தாராம், அதுவும் என் பட்டறைக்கு. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவன் சாவகாசமாக டிரெய்லரை மாட்டுவதைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

இப்போது அதே காட்சியைத் திடலில் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாக நிற்கும். எது யாருடையது என்று ஜாகாவுக்குத் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவன் வந்து, "அண்ணே, இன்றைக்குச் சந்தை, சீக்கிரம் போக வேண்டும்" என்று சொல்லி மாட்டினால் அவர் எழுந்து வந்து டார்ச் அடித்து உதவி செய்வார். சாப்பாட்டு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் நிஜமாகவே அந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். மேலும், திடலில் பெரிய வண்டியைத் திருப்ப எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருக்கிறது. அதைச் சுற்றி வீடு கிடையாது. பின்பக்கம் கால்வாயைத் தாண்டினால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. வீட்டு வாசலில் திருடனுக்கு இடைஞ்சலாக இருக்கும் கேட், கால்வாய்ப் பாலம், குறுக்கே நிற்கும் காடி, நாய், மாடி ஜன்னல் எதுவுமே அங்கே இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய் எடுக்க வேண்டிய பொருளை ஒரே இடத்தில் சேர்த்துவைப்பதற்குச் சந்தா வேறு.

சிலர் சொல்வதும் என் காதுக்கு வந்தது: "கேரவன் வைத்திருப்பவன் பணக்காரன், அவன் பாடு அவனுக்கு." தாமானில் இருக்கும் மூன்று கேரவன்களும் ஓய்வுபெற்றவர்கள் சேமநிதிப் பணத்தில் வாங்கியவை, மூன்றுமே பழையவை. அதைக்கூட விடுங்கள். உங்கள் பட்டியலில் அதிகம் இருப்பது அப்பம், செண்டோல், நாசி லெமாக் விற்கும் டிரெய்லர்கள். வாங்கிய கடன் பாதி அடையாத வண்டிகள். கேரவன் காணாமல் போனால் விடுமுறை போகும். அந்த டிரெய்லர் காணாமல் போனால் மறுநாள் வீட்டில் உலை வைக்க யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் கொக்கி ஒன்றுதான், திருடும் முறை ஒன்றுதான், காப்பாற்றும் முறையும் ஒன்றுதான். அதனால் இனி நான் சொல்லும் எல்லாமே இரண்டுக்கும் பொருந்தும்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வருபவர்களில் பலர் கப்ளர் கைப்பிடியில் இருக்கும் ஓட்டையில் ஒரு மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் பூட்டியாகிவிட்டது என்கிறார்கள். அந்தப் பூட்டு கைப்பிடியைத் தூக்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். கப்ளரை இழுவைத் தண்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் வெளியேதான் இருக்கின்றன. ஸ்பேனர் வைத்து அவற்றைக் கழற்றி வேறு கப்ளரை மாட்டிக்கொண்டு போகலாம். ஆகவே வாங்கினால் கப்ளர் தலையையும் அந்த போல்ட்டுகளையும் சேர்த்து மூடும் பெட்டி மாதிரியான பூட்டை வாங்குங்கள். அதற்குள்ளேயே ஓர் உருண்டை இருக்க வேண்டும். கப்ளரின் குழியை அது நிரப்பிவிட்டால் வேறு உருண்டையை உள்ளே விட முடியாது. பழைய டிரெய்லர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இறுக்கியதும் தலை முறிந்து விழுந்துவிடும் நட்டுகள் கிடைக்கின்றன. ஒருமுறை போட்டால் ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது.

ஆனால் முன்பக்கப் பூட்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள். இழுவைத் தண்டில் சங்கிலியைச் சுற்றி, கொக்கியைத் தொடாமலே இழுத்துக்கொண்டு போகிறவன் இருக்கிறான். வண்டி நாசமாகும், அதைப் பற்றி அவனுக்கு என்ன? பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிற வண்டியானால் அதுவும் கவலை இல்லை. அவனை நிறுத்துவது சக்கரப் பூட்டு. சக்கரம் சுழலாவிட்டால் இழுத்துக்கொண்டு ரோட்டில் போக முடியாது. மஞ்சள் பெயிண்ட் அடித்த மெல்லிய தகட்டுப் பூட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. டயரில் காற்றை இறக்கினால் அவற்றில் சில கழன்று வந்துவிடும். ரிம்மின் ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பிடித்து, சக்கர நட்டுகளையும் மூடும் வகை நல்லது. நட்டு மூடாவிட்டால் பூட்டிய சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சக்கரம் போட்டுக்கொள்வான். இதைவிட உயர்ந்தது, சக்கரத்தின் பின்னால் அச்சோடு பொருத்திய ஒரு துண்டில் நேராகத் திருகிப் பூட்டுவது. புதிதாக வரும் ஐரோப்பிய கேரவன்கள் பலவற்றில் அதற்கான இடம் இருக்கும். இரட்டை அச்சு வண்டியானால் இரண்டு சக்கரத்துக்கும் போட வேண்டும்.

பூட்டின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் போலீஸார் முன்னின்று 1992-இல் தொடங்கிய சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு, பூட்டுகளைக் கருவிகளால் தாக்கிப் பார்த்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது. ஆன்லைனில் வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடுங்கள். ஆனால் "கோல்ட்" என்று பெட்டியில் அச்சடித்துவிடுவது யாருக்கும் கஷ்டமில்லை. அந்த அமைப்பின் பட்டியலில் அதே மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எந்தப் பூட்டும் கிரைண்டருக்கு முன்னால் நிரந்தரமாக நிற்காது. நானே தினமும் கிரைண்டர் பிடிப்பவன், எனக்குத் தெரியும். பாட்டரி கிரைண்டர் வந்த பிறகு திருடனுக்குக் கரண்டுகூட வேண்டாம். ஆனால் கிரைண்டரின் சத்தத்தை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. நல்ல பூட்டு நமக்கு வாங்கித் தருவது அந்தச் சத்தம் போட வேண்டிய நேரத்தைத்தான். அந்தச் சத்தம் திடலில் கேட்டால் யார் வருவார்கள்? ஒட்டு வீடுகளுக்கு நடுவில் கேட்டால் எத்தனை ஜன்னல் திறக்கும்?

அடுத்து, தரைக் கம்பம். செயற்குழு எதிர்க்கிறது என்று கேள்விப்பட்டேன். "கண்டபடி கம்பம் நடுகிறார்கள்" என்று கூட்டத்தில் பேச்சு வந்ததாம். வீட்டு வேலிக்கு உள்ளே நடுவதற்கும் வெளியே ரோட்டு ஓரத்தில் நடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரோட்டில் இடைஞ்சல் வைப்பது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி குற்றம், அதை நான் ஆதரிக்கவில்லை. சொந்த வாசலுக்குள் நட்டால் யாருக்கு என்ன தொல்லை? கம்பத்தின் தலையில் இழுவை உருண்டை வைத்து, கேரவனை அதிலேயே மாட்டிப் பூட்டிவிடலாம். அல்லது தரையில் வளையம் புதைத்து, சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மூடிய பகுதி வழியாகச் சங்கிலி கோக்கலாம். கடினப்படுத்திய எஃகில் 16 மில்லிமீட்டர் கெட்டியான சங்கிலியைக் கைக் கட்டரால் வெட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் அதைத் தரையோடு வைத்து அழுத்தி வெட்ட வசதி.

நம் வீடுகளின் வாசல் தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே டைல்ஸ், கீழே மெல்லிய சிமெண்டு, நடுவில் கம்பி வலை இருந்தால் உண்டு. அதில் நாலு போல்ட் அடித்து வளையத்தை வைத்தால் காடியால் ஓர் இழுப்பு இழுத்தாலே தரையோடு பெயர்ந்து வரும். டைல்ஸை வெட்டி, நன்றாகக் குழி தோண்டி, கம்பத்தின் அடியில் குறுக்குக் கம்பி ஒட்டி, புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும். தோண்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேரவனை நிறுத்தும்போது கொக்கி வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கட்டும், பின்பக்கம் கேட்டைப் பார்க்கட்டும். திருடன் தன் வண்டியை மாட்ட முன்பக்கத்துக்கு வரவே முடியாது. கடைக்கோடி வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டு நிலம் இருக்கிறது, அங்கே இது சுலபம். வண்டியைக் கையால் தள்ளி உள்ளே விட நாலு பேர் வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். அப்புறம் குறுக்கே சொந்தக் காடியை நிறுத்திவிடலாம்.

நம் வெயில் மழைக்கு இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் எல்லா யோசனையும் அப்படியே ஒத்துவராது. பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பாமல் போய், சொந்தக்காரரே என்னிடம் வந்து வெட்டிக் கொடுக்கச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. மாதம் ஒருமுறை சிலிகான் ஸ்பிரே அடியுங்கள், துவாரம் மேல்நோக்கி இல்லாமல் பாருங்கள். கைபிரேக்கைப் போட்டபடி மாதக்கணக்கில் விட்டால் ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பூட்டைப் போட்டு, கைபிரேக்கை விட்டுவிடுவது மேல். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் சக்கரங்களையே கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். அப்படிச் செய்கிறவர்கள் வண்டியை அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துத் தாங்க வேண்டும். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான் இருக்கின்றன, எடையைத் தூக்க அல்ல. வளைந்துபோன மூலைக்கால்களை நேராக்கியே எனக்கு ஒரு வருமானம் ஓடுகிறது.

அலாரம், கேமரா, டிராக்கர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்சார் மேல் பல்லி ஓடினால்கூட அலாரம் கத்தும், இரண்டு வாரத்தில் அக்கம்பக்கத்தார் காதை மூடிக்கொள்வார்கள். கதவு திறந்தால், வண்டி சாய்ந்தால் மட்டும் கத்தும் வகையைப் போடுங்கள். கேமரா பெரும்பாலும் போர்ச் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரோட்டில் போகும் வண்டியின் எண் பட்டை இரவில் படிக்கும்படி விழுகிறதா என்று ஒருமுறை சொந்தக் காடியை ஓட்டிப் பாருங்கள். டிராக்கருக்குப் போட்ட பிரிபெய்ட் சிம்மை ரீலோட் செய்ய மறந்தால் அது வெறும் பிளாஸ்டிக். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன புளூடூத் பட்டன்களைச் சிலர் ஒளித்துவைக்கிறார்கள். அவற்றில் பல, கூடவே வருகின்றன என்று திருடனின் கைத்தொலைபேசிக்கே தகவல் அனுப்பிவிடும், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். கேஸ் தோம்பு, பாட்டரி, அடுப்பு, டிவி எதையும் வண்டியில் விடாமல் எடுத்துவிட்டுத் திரைகளைத் திறந்தே வையுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஜன்னலை உடைக்க மாட்டான்.

உண்மையில் எனக்கு அதிகக் கவலை தருவது அடையாள எண் விஷயம். நீங்களும் இதில்தான் அதிகம் உதவ முடியும். இங்கிலாந்தில் 1992 முதல் செய்த பெரும்பாலான கேரவன்களுக்கு 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் ஒன்று உண்டு. சேசிஸில் அடித்திருக்கும், ஜன்னல்களிலும் பொறித்திருக்கும். பழைய வண்டியாக இங்கே வந்தவற்றிலும் அது இருக்கும், தேடி எடுத்து எழுதிவையுங்கள். உள்ளூரில் செய்த சாப்பாட்டு டிரெய்லர்களில் பலவற்றில் ஒன்றுமே இல்லை. ரிவெட் அடித்த ஒரு தகடு, அதைப் பிடுங்கினால் அநாதை. பலவற்றை ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியவும் இல்லை. காவல் நிலையத்தில் போய் "வெள்ளை டிரெய்லர், பக்கத்தில் அப்பம் படம்" என்று ரிப்போர்ட் கொடுத்தால் அவர்கள் எதை வைத்துத் தேடுவார்கள்? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் வாகனம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டியையும் சேர்த்திருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவு மோட்டார் வாகனத் திருட்டுக்குக் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும் அபராதமும் சொல்கிறது. சட்டம் இழுவை வண்டியைச் சின்னப் பொருளாக நினைக்கவில்லை, நாம்தான் பதியாமல் வைத்திருக்கிறோம். பதிவதற்கு என்னென்ன பரிசோதனை, எந்தப் பாரம் என்று தெரியாமல்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இதற்காக ஒரு நாள் ஏற்பாடு செய்து, விவரம் தெரிந்த அதிகாரி ஒருவரை மண்டபத்துக்கு அழைத்தால் ஜாகாவுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது பிரயோசனப்படும். அன்றைக்கே காப்புறுதி பற்றியும் கேட்டுவிடலாம். வீட்டுக் காப்புறுதி வாசலில் நிற்கும் டிரெய்லரையும் பார்த்துக்கொள்ளும் என்று பலர் தாங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிசியை எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

பின்பக்கச் செம்மண் சாலையையும் சொல்லியாக வேண்டும். முன்வாசலில் தடுப்புக் கம்பு போட்டு, வருகிறவர்களின் பெயரை எழுதி, பெருமையாக இருக்கிறோம். ஆறாவது சந்து முடிவில் தோட்டத்துக்குள் போகும் சாலை ராத்திரி பகல் திறந்து கிடக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியே அதில் போகிறது, கேரவன் போகாதா? மெயின் ரோட்டில் ஏறாமல் லாசா பக்கம் போய்விடலாம். தைப்பூசத்தன்று வண்டி அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் முன்வாசல் கேமராவில் அது விழவே இல்லை. அந்தச் சாலை தோட்ட நிர்வாகத்தின் நிலம். இரவிலும் விசேஷ நாட்களிலும் ஒரு சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லி நிர்வாகியிடம் நம் செயற்குழு எழுத்தில் கேட்டால் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். குலைத் திருட்டால் அவர்களுக்கும் தலைவலிதான். நம் பக்கத்துப் பொதுச் சாலையில் ஏதாவது தடுப்பு வைக்க நினைத்தால் அதற்குக் கோலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும், அது தனி வேலை.

ருக்குன் தெத்தாங்கா 1975-இல் தொடங்கியபோது ரோந்துதான் அதன் முதல் வேலை. நம் அப்பாமார்கள் கையில் டார்ச்சோடு முறை வைத்து நடந்தார்கள். 2012-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, தன்னார்வ ரோந்துக்கு அதில் இடம் இருக்கிறது. எல்லா இரவும் நடக்க இப்போது ஆள் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். தாமானே காலியாகும் நாட்களையாவது எடுத்துக்கொள்ளலாமே. தைப்பூசம், தீபாவளி, நம் கோயில் திருவிழா என்றால் மலாய், சீனக் குடும்பங்கள் ஊரில் இருக்கிறார்கள். நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் என்றால் நாம் இருக்கிறோம். மாற்றி மாற்றிச் சுற்றினால் போதும். இதற்குத்தானே மூவினமும் ஒரே குழுவில் உட்கார்ந்திருக்கிறோம்? சுற்றுகிறவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: யாராவது டிரெய்லர் மாட்டுவதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு ஒரு போன். சண்டை வேண்டாம், குறுக்கே நிற்கவும் வேண்டாம். எண் பட்டையைப் படம் எடுத்தால் போதும்.

மலிவு வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொன்னதில் பாதி பயன்படாது என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் வாசலில் மோட்டார் நிறுத்தவே இடமில்லை, டிரெய்லர் ரோட்டோரம் நிற்கிறது. அவர்களுக்காக, பக்கவாட்டு நிலம் இருக்கும் கடைக்கோடி வீட்டுக்காரர்களிடம் செயற்குழு பேசிப் பார்க்கலாம். என் வீட்டில் இரண்டு டிரெய்லருக்கு இடம் இருக்கிறது, வாடகை வேண்டாம். அப்படியும் இடம் கிடைக்காத வண்டிகளுக்குத் திடல்தான் என்றால், அங்கே முதலில் வண்டிக்கு ஒரு தரை வளையம் கான்கிரீட்டில் புதைத்து, லைட் போட்டு, எந்த வண்டி யாருடையது என்று படத்தோடு ஜாகாவிடம் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு வரச் சொல்லுங்கள். எல்லாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

சுற்றறிக்கையை நிறுத்திவைத்து, அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எண் அடிக்கும் உளிகள் முழு செட் என் பட்டறையில் இருக்கின்றன. எந்த ஞாயிறு என்று மட்டும் முடிவு செய்யுங்கள். மண்டபத்து முன்னால் கூடாரமும் கரண்டும் கொடுத்தால் வருகிற எல்லா டிரெய்லருக்கும் சேசிஸில் இரண்டு இடத்தில், ஒன்று வெளியே தெரியும்படியும் இன்னொன்று மறைவாகவும், எண் அடித்துக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம். வண்டிக்காரர்கள் வாங்கிய ரசீதையும் அடையாள அட்டையையும் கொண்டுவர வேண்டும். ரசீது இல்லாத வண்டிக்கு நான் அடிக்க மாட்டேன், அதில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரர்,
இரண்டாவது சந்து